கேர் கம்பேர் தளத்தின் ஐந்து நட்சத்திரங்களும் அவற்றுள் அடங்காத வாழ்க்கையும்

அமெரிக்காவில் முதியவர் ஒருவருக்கு நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் தேடும் குடும்பம் முதலில் திறந்து பார்ப்பது பெரும்பாலும் மெடிக்கேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) அமைப்பு நடத்தும் ‘கேர் கம்பேர்’ இணையதளத்தைத்தான். மருத்துவமனையிலிருந்து வெளியேற வேண்டிய நாள் நெருங்கிவிட்ட நிலையில், சமூகப் பணியாளர் கையில் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு விரைந்து முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பவர்களுக்கு, இதைவிட எளிதாகக் கிடைக்கும் பொதுத் தகவல் வேறில்லை. 1998-இல் ‘நர்சிங் ஹோம் கம்பேர்’ என்ற பெயரில் தொடங்கி, 2008 டிசம்பரில் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டைச் சேர்த்துக்கொண்டு, 2020-இல் மருத்துவமனைகள், டயாலிசிஸ் நிலையங்கள் ஆகியவற்றுக்கான தளங்களோடு இணைக்கப்பட்ட இச்சேவை, மெடிக்கேர் அல்லது மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் பெறும் ஏறத்தாழ 15,000 இல்லங்களின் விவரங்களைக் கட்டணமின்றித் தருகிறது. எனக்குத் தெரிந்த குடும்பங்களுக்கு இடம் தேட உதவும்போதெல்லாம் இதையே நான் முதலில் நாடி வந்திருக்கிறேன், இனியும் நாடுவேன். ஆயினும் இதில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. அந்த இல்லத்தில் வாழ்பவரிடம் ‘இங்கே உங்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது’ என்று கேட்டுப் பெற்ற பதில் எதுவும் அந்த நட்சத்திரங்களுக்குள் இல்லை.

இது சிறிய குறை என்று கடந்துபோக முடியாததற்குக் காரணம், இத்தகைய இல்லத்தில் நீண்டகாலம் தங்குபவர் சிகிச்சைக்காக வந்து திரும்பிப் போகும் நோயாளி அல்லர் என்பதுதான். அவருடைய படுக்கையும் அலமாரியும் சன்னலும் அங்கேதான் இருக்கின்றன. எழுந்திருக்கும் நேரமும் குளிக்கும் முறையும் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதும் அங்கேதான் முடிவாகின்றன. 1987-இல் இயற்றப்பட்ட பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தது. ஒவ்வொருவரும் உடலாலும் மனத்தாலும் சமூக உறவுகளாலும் எட்டக்கூடிய மிக உயர்ந்த நலநிலையை எட்டவும் அதிலேயே நீடிக்கவும் இல்லம் உதவ வேண்டும் என்று அது விதித்தது. இன்றைய கூட்டாட்சி விதிகளிலும் ‘வாழ்க்கைத் தரம்’ ஒரு பிரிவாகவும் ‘பராமரிப்புத் தரம்’ அதற்கடுத்த தனிப் பிரிவாகவும் இருக்கின்றன. சட்டம் இரண்டாகப் பிரித்துச் சொன்னதில் தளம் ஒன்றை மட்டுமே அளக்கிறது.

பயன்படுத்தும் முறை எளிது. அஞ்சல் குறியீட்டையோ ஊரின் பெயரையோ கொடுத்தால் அருகிலுள்ள இல்லங்கள் வரிசையாக வருகின்றன. மூன்று இல்லங்கள் வரை அருகருகே வைத்து ஒப்பிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒட்டுமொத்த மதிப்பீடும், அதன் கீழே சுகாதார ஆய்வு, பணியாளர் நிலை, தர அளவைகள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி நட்சத்திரங்களும் உள்ளன. கணக்கு ஆய்வு நட்சத்திரத்திலிருந்து தொடங்குகிறது. பணியாளர் பிரிவில் ஐந்து பெற்றால் ஒன்று கூடும். ஒன்று மட்டும் பெற்றால் ஒன்று குறையும். தர அளவைகளிலும் ஏறத்தாழ அவ்வாறே. ஆய்வு நட்சத்திரமோ அந்தந்த மாநிலத்துக்குள் ஒப்பிட்டு வழங்கப்படுவது: மாநிலத்தின் முதல் 10 விழுக்காட்டு இல்லங்களுக்கு ஐந்து, கடைசி 20 விழுக்காட்டுக்கு ஒன்று, மீதியுள்ளவை இரண்டு, மூன்று, நான்கு எனப் பங்கிடப்படுகின்றன. ஆகவே ஒரு மாநிலத்து நான்கு நட்சத்திரமும் வேறொரு மாநிலத்து நான்கு நட்சத்திரமும் ஒரே தரத்தைக் குறிப்பவை அல்ல. பிள்ளைகள் நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் பிரிந்து வாழ, எந்த ஊரில் அம்மாவைச் சேர்ப்பது என்று யோசிக்கும் குடும்பங்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தளத்தின் மிகச் சிறந்த பகுதி பணியாளர் விவரம் என்பது என் உறுதியான கருத்து. முன்பு ஆய்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் எத்தனை செவிலியர் பணியில் இருந்தனர் என்பதை இல்லமே எழுதிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 2016 முதல் ஊதியப் பட்டியலிலிருந்தே பணிநேரங்கள் மின்னணு முறையில் திரட்டப்படுகின்றன. 2018 முதல் நட்சத்திரக் கணக்கும் அவற்றையே சார்ந்திருக்கிறது. 2022-இல் வார இறுதிப் பணிநேரமும், ஓராண்டில் எத்தனை விழுக்காட்டுப் பணியாளர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்ற கணக்கும், நிர்வாகிகள் எத்தனை பேர் மாறினார்கள் என்பதும் சேர்க்கப்பட்டன. வாழ்க்கைத் தரத்தை நேரடியாகச் சொல்லாவிட்டாலும், அதற்கு மிக அருகில் வரும் எண்கள் இவைதாம். பக்கவாதத்தால் பேச்சு குழறிய ஒருவர் வலது பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தூங்குவார் என்பதையும், காலையில் காபி தராமல் அவரிடம் எதையும் கேட்கக் கூடாது என்பதையும் அறிந்திருப்பவர் அவரை நாள்தோறும் கவனிக்கும் செவிலி உதவியாளர். அவர் வேலையை விட்டுப் போகும்போது அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவருக்கு அதையெல்லாம் எடுத்துச் சொல்ல அந்த முதியவரால் முடிவதில்லை. ஆகவே ஒரு குடும்பம் இத்தளத்தில் ஒரேயோர் எண்ணை மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்று கேட்டால், பணியாளர் வெளியேற்ற விழுக்காட்டைப் பாருங்கள் என்றே சொல்வேன். இரண்டாவதாக ஒன்றைப் பார்க்க முடிந்தால் வார இறுதிப் பணிநேரத்தை.

தர அளவைகள் என்ற பிரிவைப் பற்றி அதே நம்பிக்கையோடு எழுத இயலவில்லை. படுக்கைப் புண், கடுமையான காயத்தில் முடிந்த வீழ்ச்சி, சிறுநீர்த் தொற்று, நிலையான சிறுநீர்க் குழாய், அன்றாடச் செயல்களில் கூடுதல் உதவி தேவைப்படும் நிலை, மருத்துவமனைக்குத் திரும்பியவர்களின் விகிதம் ஆகியவை இதில் வருகின்றன. ஒவ்வொன்றும் முக்கியமானதே, படுக்கைப் புண்ணோடு கிடப்பவரின் வாழ்க்கைத் தரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் புண்ணை ஆற்ற வேண்டும். ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை இல்லமே நிரப்பி அனுப்பும் மதிப்பீட்டுப் படிவத்திலிருந்து எடுக்கப்படுபவை. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 முதல் 2015 வரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பராமரிப்பு இல்லவாசிகளின் மெடிக்கேர் பதிவுகளை இப்படிவங்களோடு ஒப்பிட்டபோது, கடும் காயம் விளைவித்த வீழ்ச்சிகளில் 57.5 விழுக்காடு மட்டுமே இல்லங்களால் பதிவு செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. எலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போன நிகழ்ச்சியே இவ்வளவு விடுபடுகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத துயரம் படிவத்தில் ஏறும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

மருந்து விஷயத்தில் நடந்ததும் இதையே காட்டுகிறது. மறதி நோய் உள்ளவர்களை அடக்கி வைப்பதற்காகக் கடுமையான மனநோய் மருந்துகளைக் கொடுக்கும் வழக்கத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு, அம்மருந்து பெறுவோரின் விகிதம் 2015-இல் நட்சத்திரக் கணக்கில் சேர்க்கப்பட்டது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு அது உரிய மருந்து என்பதால் அவர்கள் கணக்கிலிருந்து விலக்கப்பட்டனர். அதன்பின், முதுமையில் அரிதாகவே புதிதாகத் தோன்றும் அந்நோய் பல இல்லங்களின் பதிவுகளில் பெருகியது. 2021-இல் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக வெளிப்படுத்தியது. 2023-இல் மெடிக்கேர் நிர்வாகம் அந்த நோய்ப் பதிவுகளைத் தணிக்கை செய்து, பொய்யாகப் பதிந்த இல்லங்களின் நட்சத்திரங்களைக் குறைக்கத் தொடங்கியது. தணிக்கை வரவேற்கத் தக்கது. ஆனால் மருந்தின் மயக்கத்தில் பகல் முழுவதும் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்த ஒருவரின் நாட்கள் எந்தத் தணிக்கையாலும் திரும்பி வருவதில்லை.

இல்லவாசியே தன் வாயால் சொன்ன ஒரு செய்தி முன்பு இப்பிரிவில் இருந்தது: மிதமானது முதல் கடுமையானது வரை வலி இருப்பதாகக் கூறியவர்களின் விகிதம். ஓபியாய்டு எனப்படும், அடிமைப்படுத்தக்கூடிய கடும் வலி மருந்துகளை அதிகமாகக் கொடுக்க அது தூண்டுதலாகிவிடக் கூடாது என்ற அச்சத்தில் 2019 அக்டோபரில் அது நீக்கப்பட்டது. அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதற்கு ஈடாக வேறு கேள்வி எதுவும் வரவில்லை. மனச்சோர்வின் அறிகுறிகள் உள்ளவர்களின் விகிதம் தளத்தில் காட்டப்படுகிறது, எனினும் அது நட்சத்திரத்தில் சேராது. அதை வாசிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. பொறுமையாக அருகில் உட்கார்ந்து கேட்கும் இல்லத்தில் மனச்சோர்வு அதிகமாகத் தெரியவரும்; ஓடுகிற ஓட்டத்தில் கேட்டுவிட்டுப் போகும் இல்லத்தில் எல்லாரும் நலமாக இருப்பதாகவே பதிவாகும். இங்கே மிகக் குறைந்த எண்ணைக் கண்டால் மகிழ்வதற்கு முன் யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

சுகாதார ஆய்வுப் பகுதியில் நட்சத்திரத்தைவிட அறிக்கையே பெறுமதியானது. மாநில ஆய்வாளர்கள் 15 மாதங்களுக்கு மிகாத இடைவெளியில் முன்னறிவிப்பின்றி வருகிறார்கள். புகார் வந்தால் இடையிலும் வருகிறார்கள். அவர்கள் கண்ட குறை ஒவ்வொன்றும், எத்தனை பேரைப் பாதித்தது, எவ்வளவு தீங்கு விளைவித்தது என்ற இரண்டையும் வைத்து, A முதல் L வரையிலான எழுத்துகளில் ஒன்றைப் பெறுகிறது. ஒருவரோ சிலரோ பாதிக்கப்பட்டு, உண்மையான தீங்கு நேராத குறைக்கு 4 புள்ளிகள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் குறைந்தது 50 புள்ளிகள். உயிராபத்துக்கு அதிக எடை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அழைப்பு மணியை அழுத்திவிட்டு யாரும் வராமல் ஆடையிலேயே சிறுநீர் கழிக்க நேர்ந்த ஒருவரின் அவமானம், கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்து உடை மாற்றும் பழக்கம், கைநடுங்கும் ஒருவருக்கு அருகே நின்றுகொண்டே அவசரமாக ஊட்டுவது ஆகியவை உடலில் வடு எதையும் விட்டுச் செல்லாதவை. அதனால் இவை பெரும்பாலும் அந்த அளவுகோலின் அடிப்பகுதியிலேயே நின்றுவிடுகின்றன. ஒரு மனிதரின் தன்மதிப்பு நாள்தோறும் சிறிது சிறிதாகக் குலைவது நட்சத்திரக் கணக்கைப் பெரிதாக அசைப்பதில்லை.

ஆய்வறிக்கையின் முழு வாசகத்தையும் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை. நான் இத்தளத்தைப் பரிந்துரைப்பதற்கு அந்த வசதி ஒன்றே போதுமான காரணம். பெயர்களுக்குப் பதிலாக எண்களால் குறிக்கப்பட்ட இல்லவாசிகள் அந்த அறிக்கைகளில் பேசுகிறார்கள்: உணவு ஆறிப்போய் வருகிறது என்கிறார் ஒருவர், வாரத்தில் இரண்டு முறை என்று சொல்லிவிட்டு ஒரு முறைகூடக் குளிக்க வைக்கவில்லை என்கிறார் மற்றொருவர். ஆய்வாளர் மணியடித்த நேரத்தையும் ஆள் வந்த நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறார். பணியாளரிடம் கேட்டதும் அவர் சொன்ன பதிலும் கூடவே இருக்கின்றன. சில அறிக்கைகள் நூறு பக்கத்தையும் தாண்டும். அனைத்தையும் படிக்க இயலாதவர்கள், இல்லவாசிகளின் உரிமைகள், வாழ்க்கைத் தரம் ஆகிய தலைப்புகளின் கீழ் வரும் குறைகளை மட்டுமாவது படிக்க வேண்டும். ஒரே குறை இரண்டு மூன்று ஆய்வுகளில் தொடர்ந்து வந்தால் அது தற்செயலானது அல்ல. துன்புறுத்தல் தொடர்பான கடுமையான குறை கண்டறியப்பட்ட இல்லங்களுக்கு 2019 முதல் சிவப்பு நிறத்தில் விரித்த கையின் சின்னம் இடப்படுகிறது. அதைக் கண்டால் நட்சத்திரம் எத்தனை என்று பார்க்கவே தேவையில்லை.

இல்லவாசியிடம் அவருடைய வாழ்க்கையைப் பற்றி அமெரிக்க அரசு கேட்காமல் இல்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தும் செய்தி. 2010 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள மூன்றாம் பதிப்பு மதிப்பீட்டுப் படிவத்தில், சேர்க்கையின் போதும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும், அன்றாட விருப்பங்கள் பற்றி 8 கேள்விகளும் பொழுதுபோக்குச் செயல்கள் பற்றி 8 கேள்விகளும் நேரடியாகக் கேட்கப்பட வேண்டும். எந்த உடை உடுத்துவது என்று நீங்களே தெரிவு செய்வது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? தொட்டியில் குளிப்பதா, நின்று குளிப்பதா, படுக்கையிலேயே துடைத்துக்கொள்வதா என்பதை முடிவு செய்வது? எப்போது படுக்கப் போவது? தொலைபேசியில் தனிமையில் பேசுவது? பொருட்களைப் பூட்டி வைக்க ஓர் இடம்? பிடித்த இசை, வளர்ப்புப் பிராணிகளின் அருகாமை, வானிலை நன்றாக இருக்கும்போது வெளிக்காற்று, வழிபாடு? இவ்வளவு நுட்பமாகவும் மரியாதையாகவும் அமைந்த கேள்விகளை அரசுப் படிவம் ஒன்றில் காண்பது அரிது. பதில்களில் ‘மிகவும் முக்கியம்’ தொடங்கி ‘முக்கியமே இல்லை’ வரை நான்கு படிகள் உள்ளன. ஐந்தாவதாக, ‘முக்கியம்தான், ஆனால் என்னால் செய்ய முடிவதில்லை அல்லது எனக்கு அந்தத் தெரிவு இல்லை’ என்ற விடையும் இருக்கிறது.

அந்த ஐந்தாவது விடையை எத்தனை பேர் எந்தக் கேள்விக்குத் தருகிறார்கள் என்பது ஓர் இல்லத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லக்கூடியது. உடல் தளர்ந்ததால் வெளியே போக முடியவில்லையா, சக்கர நாற்காலியைத் தள்ள ஆளில்லாததால் போக முடியவில்லையா என்று அது பிரித்துக் காட்டாது. ஆயினும் பூட்டி வைக்க ஓர் இழுப்பறை இல்லை என்பதற்கும், தூங்கும் நேரத்தைத் தானே முடிவு செய்ய முடியவில்லை என்பதற்கும் உடல் தளர்ச்சியைக் காரணம் காட்ட முடியாது. இப்பதில்கள் இல்லத்திலிருந்து மெடிக்கேர் நிர்வாகத்துக்கு அனுப்பப்படுகின்றன. தளத்தில் ஓர் இல்லத்தின் பக்கத்தில் தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான் இருக்கிறதா என்பது வரை எல்லாம் இருக்க, இவை மட்டும் இல்லை. இல்லவாசிகளின் மன்றமோ குடும்பத்தினரின் மன்றமோ செயல்படுகிறதா என்ற ஒற்றை வரி இருக்கிறது. அவர்களுடைய குரலுக்கு இத்தளம் கொடுத்திருக்கும் இடம் அவ்வளவுதான்.

வாழ்க்கைத் தரத்தை அளக்க முடியாது, அது ஆளுக்கு ஆள் மாறுவது என்று சொல்பவர்களுக்கு மின்னசோட்டா மாநிலம் கொடுத்திருக்கும் பதில் தெளிவானது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ரோசலி கேன் 2003-இல் வெளியிட்ட அளவுகோல், ஐந்து மாநிலங்களில் 40 இல்லங்களில் வாழ்ந்தவர்களை நேரில் சந்தித்துச் சோதிக்கப்பட்டது. உடல் சுகம், செயல்திறன், தனியுரிமை, தன்மதிப்பு, பொருளுள்ள செயல், உறவுகள், சுயமுடிவு, உணவின் இன்பம், ஆன்மிக நலம், பாதுகாப்பு, தனித்தன்மை என 11 கூறுகளை அது வகுத்தது. அந்தப் பணியின் தொடர்ச்சியாக, அம்மாநிலம் 2006 முதல் வெளியிடும் மதிப்பீட்டு அட்டையில் இல்லவாசிகளின் வாழ்க்கைத் தரம் தனி வரிசையாகவே இடம்பெறுகிறது. இல்லத்தின் ஊழியர்கள் அல்லாத வெளி நேர்காணலாளர்கள் நேரில் சென்று கேட்டு வருகிறார்கள். குடும்பத்தினரின் கருத்து, பணியாளர்கள் நிலைத்திருக்கும் விகிதம், தற்காலிகப் பணியாளர்களின் பங்கு, ஒருவர் மட்டும் தங்கும் அறைகளின் விகிதம் ஆகியவையும் அதே அட்டையில் உள்ளன. 2016 முதல் இல்லங்களுக்கு அரசு தரும் கட்டணத்திலும் இத்தர மதிப்பெண்களுக்குப் பங்கு உண்டு. மின்னசோட்டாவில் இடம் தேடுபவர்கள் கேர் கம்பேர் தளத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல் அந்த அட்டையையும் கட்டாயம் பார்க்க வேண்டும். தனி அறை விகிதம் என்ற எண்ணை நாடு முழுவதுக்குமான தளம் ஏன் இன்னும் சேர்க்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. அறிமுகமில்லாத ஒருவரோடு திரைச்சீலை ஒன்றை மட்டும் நடுவில் வைத்துக்கொண்டு கடைசி ஆண்டுகளைக் கழிப்பதா இல்லையா என்பது, ஒரு குடும்பம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.

இத்தகைய அளவுகோல் நல்ல மாற்றத்தை அடையாளம் காட்டவும் வல்லது. 2003-இல் மிசிசிப்பி மாநிலத்தின் டூபெலோ நகரில் தொடங்கப்பட்ட முதல் ‘கிரீன் ஹவுஸ்’ வீடுகளில், பத்துப் பேர் அளவில் தனித்தனி அறைகளில் தங்கி, பொதுவான ஒரு சமையலறையையும் உணவு மேசையையும் பகிர்ந்துகொண்டார்கள். அங்கு வாழ்ந்தவர்களையும் வழக்கமான இல்லங்களில் வாழ்ந்தவர்களையும் கேனும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் தரத்தின் பல கூறுகளில் அவ்வீடுகள் முன்னிலையில் இருந்தன. நேரில் கேட்டிருக்காவிட்டால் அந்த வேறுபாட்டைச் சொல்லப் படுக்கைப் புண்களின் எண்ணிக்கை ஒன்றே மிஞ்சியிருக்கும்.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. முதியோர் பராமரிப்பு பற்றிய அரச ஆணையத்தின் இறுதி அறிக்கை 2021 மார்ச்சில் வெளியான பின், 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு பராமரிப்பு இல்லமும் காலாண்டுக்கு ஒரு முறை வாழ்க்கைத் தரம் பற்றிய 6 கேள்விகளுக்குப் பதில் திரட்ட வேண்டும்: நடமாட்டம், வலி, மனநிலை, சுயசார்பு, உறவுகள், பொழுதுபோக்கு. பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தினர் முதியவர்களோடு சேர்ந்து உருவாக்கிய கேள்விகள் அவை. தாமாக எழுத முடிந்தவர் எழுதலாம். முடியாதவருக்கு ஒருவர் வாசித்துக் கேட்கலாம். அதுவும் இயலாத நிலையில் அவரை நன்கறிந்தவர் அவர் சார்பில் பதில் சொல்லலாம். அந்நாட்டு நட்சத்திர மதிப்பீட்டில் இல்லவாசிகளின் அனுபவத்துக்கு 33 விழுக்காடு எடை தரப்பட்டது. அமெரிக்கத் தளத்தில் அந்த எடை பூச்சியம்.

நேர்காணலை நம்பலாமா என்ற கேள்வியை நான் எளிதாக ஒதுக்கவில்லை. மறதி நோய் முற்றியவர்களால் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஓரளவு மறதி உள்ளவர்கள் தங்களுக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் நிலையாகச் சொல்ல முடிகிறது என்பதைக் கேனின் ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர்கள் சார்பில் பேசும் பிள்ளைகள் பெரும்பாலும் பெற்றோர் தாமே சொல்வதைவிடக் குறைந்த மதிப்பெண் தருகிறார்கள் என்பதால், இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே காட்ட வேண்டும். நாள்தோறும் தன்னைக் குளிப்பாட்டுபவரைப் பற்றிக் குறை சொல்ல அஞ்சுவது இயல்பு. அதனாலேயே கேட்பவர் வெளியாளாக இருக்க வேண்டும். இவற்றைவிடக் கடினமானது, காலப்போக்கில் எதிர்பார்ப்பே குறைந்துபோவது. ‘இந்த வயதில் இதுவே போதும்’ என்று சொல்லும் ஒருவர் மனநிறைவோடு இருக்கிறாரா, கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாரா என்பதை மதிப்பெண் சொல்லாது. அதனால் ‘திருப்தியாக இருக்கிறீர்களா’ என்ற பொதுக் கேள்வியைவிட, ‘நேற்று நீங்கள் விரும்பிய நேரத்தில் எழுந்தீர்களா’ என்பது போன்ற, நடந்ததைக் கேட்கும் கேள்விகளே நம்பகமானவை.

பெருந்தொற்றுக் காலம் இந்த வெற்றிடத்தை வேறெதையும்விடக் கொடுமையாகக் காட்டியது. 2020 மார்ச் 13 அன்று இல்லங்களுக்குள் பார்வையாளர்கள் வருவது நிறுத்தப்பட்டது. படிப்படியாகத் தளர்த்தப்பட்ட கட்டுப்பாடுகள் 2021 நவம்பரில்தான் முற்றிலும் நீங்கின. தொற்றுகளும் இறப்புகளும் வாரந்தோறும் எண்ணப்பட்டன. அது அவசியமான வேலை. மனைவியின் முகத்தைச் சன்னல் கண்ணாடி வழியாக மட்டும் கண்டவர்கள், கூட்டுணவு நின்றுபோய் அறையில் தனியே சாப்பிட்டவர்கள், அதனால் பேச்சும் பசியும் குன்றிப்போனவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்ல நாடு தழுவிய எண் எதுவும் தளத்தில் இல்லை. கட்டுப்பாட்டை எப்போது, எவ்வளவு தளர்த்துவது என்று முடிவெடுத்தவர்கள் முன்னால் ஒரு பக்கத்துக் கணக்கு மட்டுமே இருந்தது.

இத்தளத்தில் தேடத் தொடங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டிய இரண்டு வரம்புகளும் உண்டு. ‘அசிஸ்டட் லிவிங்’ எனப்படும், ஓரளவு உதவி மட்டும் தேவைப்படுவோருக்கான குடியிருப்புகள் இதில் இடம்பெறுவதில்லை. அவை மாநிலங்களின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை, அவற்றுக்கு அந்தந்த மாநிலத் துறையைத்தான் நாட வேண்டும். அடுத்தது, மொழி, உணவு ஆகியவற்றை வைத்துத் தேட வழியில்லை. தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த, வாழ்நாள் முழுவதும் சைவ உணவே உண்டு வந்த ஓர் அம்மாவுக்கு அமெரிக்கப் புறநகர் ஒன்றில் இடம் தேடும் பிள்ளைகளுக்கு, ஐந்து நட்சத்திர இல்லம் எது என்பதைவிட, அவர் தலைவலி என்று சொன்னால் புரிந்துகொள்ள ஒருவராவது இருப்பாரா, தட்டில் வருவதை அவரால் உண்ண முடியுமா என்பதே முதற்கவலை. அதற்கு ஒவ்வோர் இல்லத்தையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

எனவே இத்தளத்தை இடம் தெரிவு செய்வதற்கான கருவியாகக் கொள்ளாமல், தவிர்க்க வேண்டிய இடங்களைக் கழிக்கும் கருவியாகக் கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். சிவப்புக் கைச் சின்னம், தொடர்ந்து வரும் உரிமை மீறல்கள், உயர்ந்த பணியாளர் வெளியேற்றம், வார இறுதியில் சரியும் பணிநேரம் ஆகியவற்றை வைத்துப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டபின், மீதமுள்ள இல்லங்களுக்கு நேரில் செல்ல வேண்டும். நிர்வாகி சுற்றிக் காட்டும் வாரநாள் காலையில் ஒரு முறையும், சனி அல்லது ஞாயிறு மாலை உணவு நேரத்தில் மற்றொரு முறையும் போவது நல்லது. மதிப்பீட்டுப் படிவத்தின் அந்த 16 கேள்விகளையும் கையில் எடுத்துச் சென்று, நிர்வாகியிடம் கேட்பதோடு நில்லாமல் அங்கே வாழ்பவர்களிடமும் கேட்க வேண்டும்.

தளத்தை நடத்துபவர்களிடம் நான் எதிர்பார்ப்பது புதிய கண்டுபிடிப்பு எதையும் அல்ல. இல்லவாசிகளிடமும் குடும்பத்தினரிடமும் கேட்பதற்கான கேள்வித்தாள்களை அமெரிக்கச் சுகாதார ஆய்வு நிறுவனமே பல ஆண்டுகளுக்கு முன்பு உருவாக்கிச் சோதித்து வைத்திருக்கிறது. அவற்றின் முடிவுகளைக் கேர் கம்பேர் தளத்தில் வெளியிட வேண்டும் என்று தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் பரிந்துரைத்தது. வெளி நேர்காணலாளர்களை நாடு முழுவதும் அனுப்புவதற்குச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் இல்லங்களே அனுப்பும் படிவங்களைத் தணிக்கை செய்வதற்கும் செலவாகத்தான் செய்கிறது. கிடைக்கும் மதிப்பெண்ணை ஒட்டுமொத்த நட்சத்திரத்துக்குள் கரைத்துவிடாமல், மின்னசோட்டாவைப் போலத் தனி வரிசையாகக் காட்ட வேண்டும். படுக்கைப் புண் இல்லாததும் பகலெல்லாம் பேச ஆளில்லாததும் ஒரே இல்லத்தில் சேர்ந்தே இருக்கலாம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டுமே மறைந்துபோகும்.

அது வரும் வரையில், ஒவ்வொரு மாநிலத்திலும் பராமரிப்பு இல்லவாசிகளின் சார்பாகச் செயல்படும் ‘ஓம்பட்ஸ்மன்’ அலுவலகத்தைக் குடும்பங்கள் தயங்காமல் அழைக்கலாம். எந்த இல்லத்தில் சேருங்கள் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த இல்லங்களுக்குள் போய்வருபவர்கள் என்பதால், எந்த மாதிரியான புகார்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் நட்சத்திரங்கள் சொல்லாத பலவற்றை அவர்களிடமிருந்து அறியலாம். சேர்த்தபின் ஏதேனும் பிரச்சினை எழுந்தாலும், இல்லவாசியின் ஒப்புதலோடு அவருக்காகப் பேசுவது அவர்களுடைய கடமை. அச்சேவைக்கும் கட்டணம் இல்லை.